குப்பியைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். குடிசார் பொறியியல் முடித்து, இந்த வருடம் ஒரு பொறியியற் பீடத்தில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறாராம். மண் பொறியியல் பாடம் அவர் தலையில். "பவர்பொயிண்ட் போடுகிறேன், மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் நோட்ஸ் ஏற்றுகிறேன், விரிவுரையைப் பதிவுசெய்தும் போடுகிறேன். 120 பேரில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. செயல்வழிக் கற்றல் செய்யுங்கள், தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துங்கள் என்று பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள். இத்தனை பேருக்கு அது சரிவருமா? என்ன வாங்க வேண்டும்? முதலில், எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒத்துவருமா?" இதுதான் கேள்வி.

நான் இருபது வருடத்துக்கு மேல் இதே பாடத்தைப் படிப்பித்துவிட்டு இப்போது திருகோணமலையில் வீட்டோடு இருப்பவன். அதில் முதல் ஏழெட்டு வருடம் பிழையாகப் படிப்பித்தேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஒத்துவருமா என்று கேட்கிறீர்களே தங்கச்சி, நீங்கள் நாலு வருடம் படித்ததே அப்படித்தான். குப்பி மறந்துபோச்சா?

கம்பஸ் வாசம் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். நாளைக்குச் சோதனை. இரவு ஒன்பது மணிக்கு விடுதியில் யாரோ ஒருவரின் அறையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். பாடம் விளங்கிய ஒருவன் எழும்பி நின்று, பழைய கலண்டரின் பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பான். இதற்குப் பெயர் குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், தமிழோ சிங்களமோ, அந்தச் சொல் தெரியும்.

குப்பியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "இந்த வரி எப்படி வந்தது, எனக்கு விளங்கேல்லை" என்று யாரும் வெட்கப்படாமல் கேட்கிறார்கள். கேட்பது சொந்த மொழியில். சொல்லிக்கொடுப்பவன் ஒரு மாதத்துக்கு முன்தான் தானே தடுமாறியவன், ஆகவே எங்கே தடுக்கும் என்று அவனுக்குத் தெரியும். பேராசிரியருக்கு அது எப்போதோ மறந்துபோயிருக்கும். பிழையாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நாலு பேர் பிடிப்பார்கள். விடியும்போது எல்லோரையும்விடக் கூடுதலாகப் படித்திருப்பவன், சொல்லிக்கொடுத்தவன்தான். பதினைந்து வாரம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரிவுரை செய்கிறோம். பாடம் மண்டைக்குள் இறங்குவது அந்த ஒரு இரவில்.

பட்டறைக்காரர்கள் செயல்வழிக் கற்றல் என்று சொன்னது வேறொன்றுமில்லை. குப்பியை இரவிலிருந்து பகலுக்கும், விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும், சோதனைக்கு முதல்நாளிலிருந்து ஒவ்வொரு வாரத்துக்கும் கொண்டுவருவதுதான். அதற்கு இடமும் நேரமும் பிடித்துத் தருவது தொழில்நுட்பத்தின் வேலை. அதைத் தாண்டி அதனிடம் பெரிதாக ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள்.

இதை நான் குப்பிப் பாசத்தில் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. எரிக் மசூர் என்று ஹார்வர்டில் ஒரு பௌதிகவியல் பேராசிரியர். நல்லாய்ப் படிப்பிக்கிறவர் என்று பிள்ளைகளிடம் பெயர் எடுத்தவர். 1990 வாக்கில், நியூட்டனின் விதிகளைச் சாதாரண வார்த்தையில் சோதிக்கும் ஒரு வினாத்தாளைத் தன் வகுப்புக்குக் கொடுத்தார். கணக்கே கிடையாது. பாரவண்டியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் கூடிய விசையைக் கொடுக்கும் என்ற மாதிரிக் கேள்விகள். ஒரு பிள்ளை, நீங்கள் படிப்பித்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டதாம். கஷ்டமான கணக்கெல்லாம் செய்த பிள்ளைகள் இந்தக் கேள்விகளில் சறுக்கினார்கள். அதன் பிறகுதான் மசூர் விரிவுரையை நிறுத்தி நிறுத்தி, பக்கத்தில் இருப்பவனோடு வாதாடவிடும் முறைக்கு மாறினார். அந்த வினாத்தாளை வைத்தே ரிச்சர்ட் ஹேக் என்பவர் 1998இல் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் புள்ளிகளைத் திரட்டினார். பாடத்துக்கு முன்பு தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைப் பாடம் முடியும்போது பிடித்தார்கள் என்பது கணக்கு. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரி 0.23. பேசி, செய்து, வாதாடிப் படித்த வகுப்புகளில் 0.48. இரட்டிப்பு.

பௌதிகவியலுக்கு மட்டும்தானே என்பவர்களுக்கு 2014இல் வந்த ஃப்ரீமன் குழுவின் தொகுப்பாய்வு இருக்கிறது. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் எல்லாம் சேர்த்து 225 ஆய்வுகள். வெறும் விரிவுரையில் 100 பேருக்கு ஏறக்குறைய 34 பேர் சித்தியடையவில்லை. செயல்வழி வகுப்புகளில் 22 பேர். 120 பேர் வகுப்பில் இந்த வித்தியாசம் பதினாலு பேர் வரும். பதினாலு வீடு என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, பிறகு ஏன் எங்கள் மண்டபம் இவ்வளவு மௌனம்?

ஒரு காரணம் ரியூசன். உயர்தரத்துக்கு இரண்டு மூன்று வருடம், நூற்றுக்கணக்கான பேரோடு வாங்கில் இருந்து, சேர் மைக்கில் கடந்தகால வினாத்தாள் செய்ய, கொப்பியில் எழுதி எழுதி வந்த பிள்ளை. கேள்வி கேட்பது அங்கே மற்றவர்களின் நேரத்தை வீணாக்கும் குற்றம். அந்தப் பழக்கத்தோடு வருபவனிடம் முதல் நாளே "ஏதாவது சந்தேகம் இருக்கா" என்றால் மண்டபம் முழுக்கக் குனியும்.

மற்றக் காரணம் பெரியது, அதைப் பட்டறைகளில் பேசுவதே இல்லை. மொழி. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழில் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இஸற்-புள்ளி எடுத்து வந்த பிள்ளைக்கு, ஒரே இரவில் எல்லாம் ஆங்கிலம். விடை தெரியாமல் அவன் வாயை மூடியிருக்கவில்லை. விடையைச் சொல்லும் வசனம் தெரியாமல் மூடியிருக்கிறான். எனக்கு இது விளங்க வருடக்கணக்கு எடுத்தது. மூதூரிலிருந்து வந்த ஒரு பெடியன், முதல் வருடம் முழுக்கப் பின்வாங்கில், ஒரு சொல் பேசமாட்டான். ஒருநாள் ஆய்வுகூடத்துக்கு வெளியே தமிழில் கேட்டேன். மண்ணில் நுண்துளை அமுக்கம், அதாவது மண்மணிகளுக்கு இடையில் நிற்கும் தண்ணீரின் அமுக்கம், கூடினால் ஏன் வலு குறைகிறது என்று, தன் ஊர் வயல் வரம்பை வைத்து, நான் வகுப்பில் சொன்னதைவிட நல்லாய்ச் சொன்னான்.

ஆகவே என் முதல் விதி: பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடும்போது தமிழிலோ சிங்களத்திலோ பேசட்டும். விடையை எழுதும்போது மட்டும் ஆங்கிலம். குழு பிரிக்கும்போது மூன்று சிங்களப் பிள்ளைகளோடு ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். முதல் இரண்டு மாதமாவது அந்த மொழி பேசும் இன்னொருவர் அதே குழுவில் இருக்க வேண்டும். நாலு இனத்தையும் கலந்துவிட்டால் ஒற்றுமை வரும் என்று சிலர் நல்லெண்ணத்தில் செய்வார்கள். ஒற்றை ஆளாய் விடப்பட்ட பிள்ளை அந்தக் குழுவில் தட்டச்சுக்காரர் ஆகிவிடும். பொறியியல் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய ரிச்சர்ட் ஃபெல்டரும், தம் நாட்டுச் சிறுபான்மை மாணவர்களை வைத்து இதே எச்சரிக்கையைத்தான் சொல்கிறார்.

இனி "என்ன வாங்க வேண்டும்". ஒரு மீன் தொட்டி.

பகிடி இல்லை. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று. நடுவில் ஒரு பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடு, அடியைத் தொடாமல். இரண்டு பக்கமும் கழுவிய மகாவலி மணல். தகட்டின் கீழ் விளிம்பு மணலுக்குள் ஐந்து சென்ரிமீற்றர் புதைந்திருக்க வேண்டும். தகட்டின் ஓரங்களைச் சிலிக்கனால் அடையுங்கள். முதல் வருடம் நான் அடைக்கவில்லை. தண்ணி கீழால் போகாமல் ஓரத்தால் பாய்ந்து, 120 பேர் முன்னால் என் கணக்கும் நானும் வெவ்வேறு திசையில் போனோம். இப்போது ஒரு பக்கம் தண்ணீரை உயர்த்தி (அதுதான் மேற்பக்கம், மற்றது கீழ்ப்பக்கம்), மேற்பக்க மணலில், கண்ணாடியோடு ஒட்டினாற்போல், பொட்டாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கு நாலைந்தை ஓரோர் அங்குல இடைவெளியில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதாக் கோடுகள் கீழே இறங்கி, தகட்டின் அடியால் வளைந்து, மறுபக்கம் எழும்பும். தண்ணீர் மண்ணுக்குள் போகும் வழியைக் காட்ட, புத்தகத்தில் பென்சிலால் கீறிக் கீறி அழித்த பாய்ச்சற் கோடுகள் அவர்கள் கண்ணுக்கு முன்னால் தாமாகவே கீறப்படும்.

பின்வாங்குக்கு இது தெரியாது. அங்கேதான் தொழில்நுட்பம். கைப்பேசியைத் தாங்கியில் பூட்டி, கேபிளால் புரொஜெக்டருக்குக் கொடுத்தேன். சுவர் முழுக்க ஊதாக் கோடு. என் இருபது வருடத்தில் பார்த்த மிகப் பயனுள்ள கல்வித் தொழில்நுட்பம் அந்தக் கேபிள்தான்.

அடுத்து, கோடுகள் திரையில் இருக்கும்போதே ஒரு கேள்வி: தண்ணீர் மட்ட வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினால் இந்தக் கோடுகளின் வடிவம் என்ன ஆகும்? நெருங்குமா, விலகுமா, இன்னும் ஆழமாக இறங்குமா, அப்படியே இருக்குமா? ஒவ்வொரு பிள்ளையிடமும் நாலு நிற அட்டை இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பக்கத்தில் பார்க்காமல் யோசித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் நெஞ்சுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்குக் கிளிக்கர் என்று ஒரு கருவி விற்கிறார்கள். இணையத்தில் வாக்கெடுக்கும் செயலிகளும் இருக்கின்றன. எல்லோரிடமும் டேட்டா இருந்தால், மண்டபத்தில் வைஃபை தாங்கினால், பாவியுங்கள். அட்டைக்குச் சிக்னல் தேவையில்லை, சார்ஜ் இறங்காது. பின்வாங்குக்காரன் ஒளிக்கவும் முடியாது.

முதல் வாக்கில் மண்டபம் பெரும்பாலும் சிவப்பாய்த்தான் இருக்கும். நெருங்கும் என்பார்கள். நான் விடை சொல்லமாட்டேன். "பக்கத்தில் வேறு நிறம் வைத்திருப்பவரைப் பிடித்து மனதை மாற்றுங்கள், மூன்று நிமிடம்." அப்போது எழும் இரைச்சலுக்குப் பயப்படாதீர்கள். அதுதான் குப்பி. வாங்குகளுக்கு நடுவில் நடந்து ஒட்டுக் கேளுங்கள். ஒருமுறை கிண்ணியாப் பெடியன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது: "மச்சான், ரோட்டில வாகனம் கூடினா ரோட்டின்ர வளைவு இடம் மாறுமா? வாகனம்தான் கூடும்." அவ்வளவுதான். இந்தக் கோடுகளால் ஆன பாய்ச்சல் வலை கேத்திரகணிதத்தைப் பொறுத்தது, நீர்மட்ட வித்தியாசம் கூடினால் பாயும் அளவுதான் கூடும் என்று நான் நாலு சிலைடில் சொன்னதை அவன் ஒரு வசனத்தில் முடித்தான். இரண்டாம் வாக்கில் பச்சை எழும்பியது. அதற்குப் பிறகு, மணலை எடுத்துவிட்டுச் சீரான களியைப் போட்டால் என்ன என்று கேட்டேன். மறுபடி சண்டை. விடை அதேதான்: வலை மாறாது, கசியும் அளவு பல்லாயிரம் மடங்கு குறையும்.

இந்த முறையில் ஒரு அளவு இருக்கிறது. முதல் வாக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை சரியாகச் சொன்னால் வாதாடவிடுங்கள். அதற்கும் குறைந்தால் கேள்வி அவர்களுக்கு எட்டவில்லை, திரும்பச் சொல்லிக்கொடுங்கள். கூடினால் பேசவிட்டு நேரத்தைப் போக்காமல் அடுத்ததுக்குப் போங்கள். சரியான விடை தெரிந்தவனிடமிருந்து மற்றவர்கள் கொப்பியடிப்பதுதானே இது என்று சந்தேகப்படுவீர்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2009இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். குழுவில் ஒருவருக்கும் விடை தெரியாத இடத்திலும், பேசிய பின் சரியான விடைக்கு வந்தவர்கள் இருந்தார்கள்.

மீன் தொட்டிக்குத் திரும்புகிறேன், அதன் உச்சம் இன்னும் வரவில்லை. கீழ்ப்பக்க மணலின்மேல் ஒரு பத்து ரூபா நாணயத்தை வையுங்கள். மேற்பக்கத் தண்ணீரை எந்த உயரத்துக்கு ஏற்றினால் நாணயம் தாழும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தரட்டும். மணலின் தன்னீர்ப்பு (மணி தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம்) 2.65, வெற்றிட விகிதம் (மணிகளின் கனவளவுக்கு இடைவெளி எத்தனை பங்கு) 0.65 என்றால், மேலெழும் தண்ணீர் மணலைத் தூக்கத் தொடங்கும் அவதிச் சாய்வு சரியாக 1 வரும். மணற்படை ஆழமாக இருந்தால், தகடு புதைந்த ஆழத்தின் ஏறக்குறைய மூன்று மடங்கு நீர்மட்ட வித்தியாசத்தில் தகட்டோரம் மண் கொதிக்கத் தொடங்க வேண்டும். ஐந்து சென்ரிமீற்றருக்குப் பதினைந்து, பதினாறு. தண்ணீரை மெதுவாக ஏற்றுங்கள். மண்டபம் அமைதியாகும். பத்து, பன்னிரண்டு. தகட்டோரம் மணல் சின்னச் சின்னதாய்க் குமிழும். அப்புறம் ஒரு கணத்தில் திடமாய் இருந்த மண் கஞ்சியாகி, நாணயம் மறைந்துவிடும். கணக்கும் நடந்ததும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தள்ளித்தான் இருக்கும். ஏன் தள்ளியது என்பது அந்த வார ஒப்படை.

நாணயம் தாழ்ந்த பிறகு நான் கந்தளாயைப் பற்றிச் சொல்வேன். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தாய் தகப்பன் சொல்லிக் கேட்ட கதை. கட்டின்மேல் ஓடிய பாரவண்டிகளைக் காரணம் சொல்வோர் உண்டு, கசிவைச் சொல்வோர் உண்டு. மண்கட்டு ஒன்றின் உள்ளே நீர் வழி தேடிக்கொண்டு மண்ணையும் சேர்த்து இழுத்து வந்தால் என்ன ஆகும் என்று நாணயம் தாழ்ந்ததைப் பார்த்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. பத்து ரூபா நாணயத்துக்குச் சிரித்த மண்டபம் கந்தளாய் என்றதும் அடங்கும். அந்த அமைதிக்குள் நான் பாதுகாப்புக் காரணி என்ற சொல்லைச் சொல்வேன். அதுவரை அது அவர்களுக்குச் சோதனையில் வகுக்கிற ஒரு எண்.

இடையில் ஒன்று. மண் பொறியியலில் நம்மவர் ஒருவரின் பெயர் நிரந்தரமாக இருப்பதை உங்கள் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்டு இருவரோடும் சேர்ந்து, களிமண் எப்படி நெகிழ்ந்து கொடுக்கிறது என்று 1963இல் கட்டுரை எழுதிய மூன்றாமவர் அழகையா துரைராசா. பிறகு பேராதனைப் பொறியியற் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். உலகம் முழுக்க முதுநிலை மாணவர்கள் படிக்கிற கட்டுரையில் தன் ஊர்ப் பெயர் ஒன்றைப் பார்க்கும் பிள்ளையின் முதுகு கொஞ்சம் நிமிரும். அதுவும் கற்பித்தல்தான்.

தொட்டி, அட்டை, வாதம் எல்லாம் வைத்தால் பாடத்திட்டம் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். முடியாது. விரிவுரையாக எல்லாவற்றையும் சொல்ல நினைத்தால் முடியாது. வரைவிலக்கணம், சூத்திர நிறுவல், நேரடியான உதாரணக் கணக்கு, இதெல்லாம் காணொளிக்குப் போகட்டும். பிள்ளை வீட்டில் நிறுத்தி, திருப்பி, இரண்டு தரம் பார்க்கலாம். ஆங்கிலம் வேகமாகப் போனால் மெதுவாக்கலாம். இந்த ஒரு விடயத்தில் காணொளி என்னைவிட நல்ல ஆசிரியர். ஆனால் உங்கள் ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிந்து ஏற்றாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 இலட்சம் தடவை பார்க்கப்பட்ட காணொளித் தரவை 2014இல் அலசியபோது, ஆறு நிமிடத்துக்குள் முடிகிறவற்றைத்தான் ஆட்கள் ஒட்டியிருந்து பார்த்தார்கள். டேட்டாக் கணக்கும் அதைத்தான் சொல்லும். நிலாவெளிக்கு அங்கால் ஒரு கடற்கரைக் கிராமத்தில் தொலைபேசியில் படிக்கும் பிள்ளைக்கு, பல நூறு மெகாபைட் பதிவு என்பது ஒரு வாரச் செலவு. சிலைடும் குரலும் மட்டும் வைத்துச் சிறிதாக்குங்கள்.

2020இல் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா வந்தது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக அவற்றுக்கு ஜூம் கிடைத்தது, பிள்ளைகளுக்கு டேட்டாக் கட்டணமும் இல்லாமல் ஏற்பாடு செய்தார்கள். நல்ல வேலை. அதை வைத்து நான் என்ன செய்தேன்? கறுப்புச் சதுரங்களுக்கு முன்னால் இருந்து ஒன்றரை மணி நேரம் சிலைட் வாசித்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து "பாய்" சொல்லியும் நாற்பது சதுரம் போகவில்லை. நல்ல பிள்ளைகள், ஏதோ கேட்க நிற்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். காத்திருந்தேன். ஒருவரும் இல்லை. போனைப் போட்டுவிட்டு எப்போதோ எழும்பிப் போய்விட்டார்கள். தொழில்நுட்பம் கெட்ட விரிவுரையை நல்லதாக்காது, தூரத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான் என்று அன்றைக்கு விளங்கியது.

மூடுலில் நோட்ஸ் ஏற்றுகிறேன் என்கிறீர்கள். அதில் கணிப்பு வகைக் கேள்வி என்று ஒன்று இருக்கிறது. சூத்திரத்தையும் எண்களின் வீச்சையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு எண்ணோடு அதே கணக்கு போகும். ஐந்து கேள்வி, வாரம் ஒருமுறை, வகுப்புக்கு முதல்நாள் இரவுக்குள், சிறிய புள்ளி, மூன்று முயற்சி. விடையைக் கொப்பியடிக்க முடியாது, ஏனென்றால் நண்பனின் விடை வேறு. வழியைத்தான் கேட்க வேண்டும். வழியைக் கேட்டால் அது கொப்பியா? இல்லை, அதுவும் குப்பிதான். காலையில் எந்தக் கேள்வியில் அதிகம் பேர் விழுந்தார்கள் என்று பார்த்துவிட்டு, அதை வைத்தே அன்றைய அட்டைக் கேள்வியைச் செய்யுங்கள்.

கைப்பேசியை வகுப்பில் தடைசெய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் ஆர்முடுகல்மானி இருக்கிறது, அதை ஒரு ஆய்வுகூடக் கருவியாகப் பாருங்கள். ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபொக்ஸ் செயலியைப் போட்டால், அதிர்வைப் பதிந்து அதிர்வெண்ணாகப் பிரித்தே காட்டும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். நடைபாதையில் போனைப் படுக்கவைத்து, பஸ் ஒன்று போகும்போது பதியச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை செய்யலாம். வரும் வரைபில் எந்த உச்சி பாலத்தினது, எந்த உச்சி பஸ்ஸினது என்று பிரிக்கப் படும் பாட்டில் அதிர்வியல் பாதி முடிந்துவிடும். அதேபோல, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் சுவரில் அடித்தகடு ஏன் மேல்தகட்டைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மெல்லிய உருளையின் சுவரைச் சுற்றி இழுக்கும் வளையத் தகைப்பு, கொப்பியைத் திறக்காமலே வரும்.

உருவகப்படுத்தல் மென்பொருள்கள் பற்றி நீட்ட மாட்டேன். குழாய் வலையமைப்புக்கு ஈபிஏநெற், கணிப்புக்கு ஒக்டேவ், சுற்றுக்கு எல்ரிஸ்பைஸ், எல்லாம் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: பொத்தானை அமத்துவதற்கு முன், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று பேனையால் எழுதி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி தந்த அபத்தத்தை நாலு தசம தானத்துக்கு எழுதிக்கொண்டு வருவார்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் அதே மருந்துதான். ஒப்படையை சட்ஜிபிடி எழுதுகிறது என்று புலம்பிப் பயனில்லை. அது எழுதிய விடை ஒன்றை நீங்களே அச்சடித்துக் கொடுத்து, "இதில் எங்கே பிழை" என்று கேளுங்கள். பிறகு பத்துப் பேரை அங்கொன்று இங்கொன்றாய்க் கூப்பிட்டு இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். யார் கூப்பிடப்படுவார் என்று தெரியாதவரை எல்லோரும் படிப்பார்கள்.

எதிர்ப்பு வரும், அதற்கு ஆயத்தமாகுங்கள். முதல் எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து: "மிஸ் படிப்பிக்கிறதில்லை, எங்களைப் படிக்கச் சொல்றா." 2019இல் ஹார்வர்டில் இதை அளந்தே பார்த்தார்கள். செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் சோதனையில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகப் படித்ததாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை கேட்கும்போது எல்லாம் விளங்குவது போலவும், தானே முட்டி மோதும்போது ஒன்றும் விளங்காதது போலவும் இருக்கும். இதை முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நான் தொடங்கிய வருடம் மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது எதிர்ப்பு மூத்தவர்களிடமிருந்து. "வகுப்பில் சந்தை இரைச்சல்" என்பார்கள். சண்டை பிடிக்காதீர்கள், நீங்கள் தற்காலிக நியமனம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் முழு உறுப்பினரானதிலிருந்து, பட்டங்களை அங்கீகரிக்க வருபவர்கள் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. குழுவாக வேலை செய்யவும், எடுத்துச் சொல்லவும், வழமையில்லாத பிரச்சினையை அவிழ்க்கவும் மாணவனுக்கு வருகிறதா என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். உங்கள் அட்டை வாக்குகளையும் குழு ஒப்படைகளையும் கோவையில் போட்டு வையுங்கள். அங்கீகாரக் குழு வரும் வருடம் உங்களைத் தேடி வருவார்கள்.

மூன்றாவது எதிரி சோதனைத் தாள், அதைப் போடுவது நீங்களே. வருடம் முழுக்க வாதாடவைத்துவிட்டுக் கடைசியில் கடந்தகால வினாத்தாளைப் போலவே ஆறு கணக்குக் கொடுத்தால், அடுத்த பட்ச் உங்கள் அட்டையைத் தூக்கி எறியும், எறிவது நியாயமும்கூட. நூறில் இருபது புள்ளியாவது "ஏன்" என்று கேட்கும் கேள்விகளுக்குப் போகட்டும். அதைப் பகுதித் தலைவரிடம் முதலே பேசி வையுங்கள்.

ஒரே தவணையில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். முதல் தவணைக்கு வாரம் ஒரு அட்டைக் கேள்வி மட்டும், மற்றதெல்லாம் பழையபடி. நல்ல கேள்வி ஒன்று செய்ய எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க எடுக்கும். உங்களுக்கும் எடுக்கும். பிள்ளைகள் குப்பியில் எதற்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்று போதனாசிரியர்களிடம் கேட்டால், அதிலேயே பத்துக் கேள்வி கிடைக்கும்.

என் பழைய மீன் தொட்டி வீட்டுப் பின்விறாந்தையில் கிடக்கிறது, தகடும் அதோடு இருக்கிறது. இடது மூலையில் கொஞ்சம் கசியும், ஒரு குழாய் சிலிக்கன் வாங்கிப் பூசி இரண்டு நாள் காயவிட வேண்டும். பீடம் தொடங்க முன்பு வந்து எடுத்துப் போங்கள். மணல் நீங்கள்தான் கழுவ வேண்டும்.